என்ஜின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

யாழ்ப்பாணத்தில் பாவித்த வான் ஒன்று தேடித் திரிகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். எனக்குப் போனது போனதுதான். ஆனால் எனக்கு விற்ற அதே ஆள் இன்றைக்கும் வாகனம் விற்றுக்கொண்டிருக்கிறார். விடயம் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போயிருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்கு மாதத்தில் இரண்டு தடவை கிளினிக். அவருடைய முழங்கால் ஓட்டோவுக்குள் மடங்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய வாகனங்களுக்கு வந்த மவுசு உங்களுக்கே தெரியும். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியெல்லாம் சேர்ந்து வருகிற விலை எங்களைப் போன்ற ஆட்களுக்கானது இல்லை. ஆகவே முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய ரொயோட்டா ரவுண்ஏஸ் ஒன்றுக்கு 23 லட்சத்து 50 ஆயிரம் கொடுக்க வேண்டி வந்தது. சீட்டுக் காசு பாதி, மனைவியின் நகை மீதி.

ரவுண்ஏஸைத் தேடியதில் பிழை இல்லை. டீசல், எட்டுப் பேர் இருக்கலாம், பாகம் ஸ்ரான்லி வீதியில் வாங்கலாம், எந்தக் கராஜ்காரரும் பயப்படாமல் கைவைப்பார். ஆனால் அதில் இருக்கிற 2சி என்கிற டீசல் என்ஜினுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஒரு தடவை தாறுமாறாகச் சூடேறினால் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடுகிற பாகத்தில், வெடிப்பு விழுந்துவிடும். மெக்கானிக்மார் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத்தான் தெரியவில்லை.

தரகர் கோண்டாவில் பக்கம் ஒரு வளவுக்குள் வானைக் காட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும், கதை நல்ல இனிப்பு. "கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓடின வாகனம் அண்ணை. ஒரு வேலையும் இல்லை, ஏறி ஓடுறதுதான்" என்றார். நான் முன் சீற்றுக்குக் கீழே இருக்கிற என்ஜின் மூடியில் கை வைத்தேன். சூடாக இருந்தது. "இப்பத்தான் கழுவக் கொண்டு போட்டு வந்தனான்" என்றார். வாகனம் ஈரமாகவும் இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சூட்டைப் பற்றி நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். காலையில், என்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்ராட் பண்ணிப் பார்த்திருந்தால் வெள்ளைப் புகை வந்திருக்கும், ஒரு சிலிண்டர் தட்டுத்தடுமாறி வேலை செய்வது கேட்டிருக்கும், றேடியேற்றர் வாய்க்குள் குமிழி வருவதையும் பார்த்திருக்கலாம். முன்கூட்டியே ஓடிச் சூடாக்கி வைத்தால் இதில் பாதி மறைந்துவிடும். எனக்குக் காட்டியது முழுக்கச் சூடான என்ஜின்.

றேடியேற்றர் மூடியையும் பார்த்தேன். கழற்ற விடவில்லை, "சூடு அண்ணை, கை வெந்திடும்" என்றார். அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் மூடியின் ஓரத்தில் வெள்ளையும் மண்ணிறமுமாக ஏதோ பொருக்குக் கட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். "எங்கடை கிணத்துத் தண்ணிதானே! உங்கடை வீட்டுக் கேத்தில பாருங்கோ, இதைவிட மோசமா இருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல பொய் சொல்ல முடியாது. உண்மையிலேயே எங்கள் கேத்திலும் அப்படித்தான் இருக்கிறது!

மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். நான் வழமையாகப் போகிறவருக்கு அன்றைக்கு வேலை அதிகம், அதனால் பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூட்டிப் போனேன். மோட்டார் சைக்கிள் திருத்துவான், கெட்டிக்காரன்தான். காதை வைத்துக் கேட்டுவிட்டு "சத்தம் நல்லா இருக்கு அண்ணை" என்றான். அவனை நோகக் கூடாது. "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வர எனக்குத்தான் மனம் வரவில்லை. நல்லூர் கொடியேற முதல் வாகனம் கைக்கு வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். "கிளிநொச்சியில இருந்து ஒராள் அட்வான்ஸோட வாறார்" என்று அவர் வேறு சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை. டவுனுக்கு ஐந்தாறு கிலோமீற்றர், ஆஸ்பத்திரி, கோயில், திரும்பி வீடு. சூடு காட்டுகிற ஊசி பாதிக்கும் கீழேதான் நின்றது. நான் பெருமைப்பட்டேன்.

மூன்றாவது ஞாயிறு, புது வாகனம் என்றபடியால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கக் கிளம்பினோம். கொடிகாமம், பளை எல்லாம் நல்லாக வந்தது. இயக்கச்சி தாண்டவே ஊசி ஏறத் தொடங்கிவிட்டது. ஆனையிறவில் ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை, இரண்டு பக்கமும் வெறும் வெளி. மெல்ல ஊர்ந்து பரந்தன் போகலாம் என்று நினைத்ததுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். பரந்தன் சந்திக்கு முன்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம், கண்ணாடி முழுக்க ஆவி. அப்பா பின் சீற்றில் ஒன்றும் சொல்லாமல் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தார். மனைவி மட்டும் "இஞ்சாருங்கோ, நெருப்புப் பிடிச்சிடுமோ?" என்று கேட்டா.

பக்கத்துக் கராஜிலிருந்து சாரத்தோடு ஒரு ஐயா வந்தார். அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் மூடியில் கை வைத்தார். உள்ளே தண்ணீர் இல்லை, மண்ணிறக் களி. ஒழுக்கை அடைக்கப் போடுகிற தூளை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டு விட்ட அந்தப் பொருக்கும் இதுதான். பிறகு தேர்மோஸ்ரற் இருக்கிற மூடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுத்து வைப்பதுதான் தேர்மோஸ்ரற். "எட்டிப் பாரும் தம்பி. உள்ளுக்கை ஒண்டும் இல்லை."

தேர்மோஸ்ரற்றை எடுத்துவிட்டால் தண்ணீர் எந்நேரமும் றேடியேற்றருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், கிட்டத்து ஓட்டத்துக்கு ஊசி ஏறாது. ஐந்து கிலோமீற்றர் ஓடிப் பார்க்கிறவனுக்கு அது சாதுவான என்ஜின். ஐம்பது கிலோமீற்றர் விட்டால்தான் உண்மை வெளியே வரும். எனக்கு விற்றது அந்த ஐந்து கிலோமீற்றருக்கென்று தயாரித்த வான். ஐயா ஓயில் அளவு பார்க்கிற டிப்ஸ்ரிக்கை இழுத்துக் காட்டினார். ஓயில் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

வானைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்த கதை வேண்டாம். தரகருக்குப் போன் எடுத்தேன். மூன்றாம் நாள்தான் பேசினார். "அண்ணை, நான் தரகு மட்டும்தான். வித்தது நான் இல்லையே. புத்தகத்தில் ஆற்ற பேர் இருக்கு எண்டு பாருங்கோ" என்றார்.

அங்கேதான் எனக்கு இரண்டாவது அடி. பதிவுப் புத்தகத்தில் இருப்பவர் குருநாகலில் ஒரு சிங்கள ஐயா. வான் என் கைக்கு வந்தது ஓப்பின் பேப்பரில். பதிவில் இருக்கிற உரிமையாளர் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்திருப்பார், வாங்குகிறவர் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். அந்தத் தாள் எத்தனை கை மாறினாலும் நடுவில் நின்றவர்கள் ஒருவருடைய பெயரும் அதில் வராது. வாங்கும்போது "உங்கட பேருக்கு நேரடியா மாத்தலாம், செலவு மிச்சம்" என்று அதையே ஒரு நன்மையாக எனக்கு விற்றார்கள். கொப்பித் தாளில் எழுதித் தந்த பற்றுச்சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 23 லட்சத்து 50 ஆயிரம் பெற்றுக்கொண்டவர் குருநாகல் ஐயாவாம். கீழே 'அவருக்காக' என்று போட்டு ஒரு கிறுக்கல். நான் காசு எண்ணிக் கொடுத்த மனிதனின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

குருநாகல் ஐயாவோடு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசினேன். பாவம், நல்ல மனுசன். வானை விற்று நாலு வருடமாம். பொலிசில் இது சிவில் விவகாரம் என்றார்கள்.

அதனால் சொல்கிறேன், காசு வாங்குகிறவரின் அடையாள அட்டைப் பிரதியும் அவருடைய சொந்தப் பெயரில் முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டும் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர் தரகரோ, வேறு யாரோ, வாங்குகிற கை யாருடையதோ அவருடைய பெயர். தர மறுத்தால் அங்கேயே விளங்கிக்கொள்ளலாம். வாகனத்தின் மேல் லீசிங் கடன் இருக்கிறதா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். நான் அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன், லீசிங் இருக்கவில்லை. சேசிஸ் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், சரியாகத்தான் இருந்தது. அந்த இரண்டும் சரி வந்ததில்தான் எனக்கு மிச்ச நம்பிக்கையும் வந்தது.

ஹெட் கழற்ற வானைக் கொடுத்தபோது சாரதிப் பக்கத்துக் கால் மற்றுக்குக் கீழே ஒரு பில் கிடந்தது. எண்ணெயில் ஊறி ஒட்டிப்போய் இருந்தது. சாவகச்சேரிப் பக்கத்துக் கராஜ் ஒன்றினுடையது, நான் வாங்குவதற்கு இரண்டு மாதம் முந்திய திகதி. "ஹெட் வெல்டிங், முகம் எடுத்தது" என்று எழுதியிருந்தது, அதாவது ஹெட்டின் வெடிப்பை ஒட்டி அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்கியிருக்கிறார்கள். தேடிப் போனேன். கராஜ்காரர் வானின் இலக்கத்தைச் சொன்னதும் சிரித்தார். "அதோ? அது ரெண்டு தரம் வந்தது. ரெண்டாந்தரம் கொண்டு வந்தவர் வேற ஒராள், வாங்கி ஒரு மாசம் எண்டு அழாக்குறை." இரண்டு தடவையும் காசு தந்தது யார் என்று கேட்டேன். அவர் சொன்ன அடையாளம் எங்கள் இனிப்புக் கதைக்காரருக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

போன கிழமை அந்தத் தரகரே எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, உங்களுக்குத் தலையிடி வேண்டாம், 14 லட்சத்துக்கு நானே எடுக்கிறன்" என்றார். முன்னால் வாங்கிய அந்த மனிதருக்கும் இதே கதை சொல்லித்தான் திருப்பி எடுத்திருப்பார். நான் கொடுக்கவில்லை. வேறு ஹெட் போட்டுத் தேர்மோஸ்ரற்றும் பூட்ட 2 லட்சத்து 85 ஆயிரம் முடிந்தது. வான் இப்போது ஓடுகிறது.

மத்தியஸ்த சபைக்கு வருகிற ஞாயிறு கூப்பிட்டிருக்கிறார்கள். பில்லைக் காய வைத்துப் பொலித்தீன் பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன், கராஜ்காரரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.