ஜார்ஜ் டவுன்: நடையா, சைக்கிளா?

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில், மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலைக்கு நடைதான் சரி. 1818-இல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மாரியம்மன் கோயில் கோபுரம் இந்தச் சாலையை அல்ல, அடுத்துள்ள குவீன் தெருவைப் பார்த்து நிற்கிறது. சைக்கிளில் விரைந்தால் கோயிலின் பின்புறத்தோடு கடந்துபோய்விடுவீர்கள், பெரிய இழப்பு அது. கடைவீடுகளின் (கீழே கடை, மேலே வீடு) முன்னால் மாடிக்கு அடியில் செல்லும் ஐந்தடி நடைபாதை வெயில், மழை இரண்டுக்கும் நிழற்குடை. ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும், நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள் வழிமறிக்கும், அடிக்கடி சாலையில் இறங்க வேண்டிவரும்.

கடலோரத்துச் சீனக் குலத்தாரின் மரத்துறைகள் (கடல்மேல் மரக்கால்களில் நிற்கும் குடியிருப்புகள்) வரை போக சைக்கிள் நல்லது. ஆனால் ஒருவழித் தெருக்கள் சுற்றவைக்கும். துறையின் பலகைப் பாதை குறுகல், வீடுகளின் வாசல் அது. வெளியே பூட்டிவிட்டு நடந்து செல்லுங்கள்.

எப்படிப் போனாலும் காலையிலேயே கிளம்புங்கள். நண்பகலில் மாரியம்மன் கோயில் நடை சாத்திவிடும். தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க முடியாது.