காக்கர் ஸ்பேனியலுக்கான குறுகிய வாய்க் கிண்ணம்

ஊட்காக் பறவையைப் புதரிலிருந்து கிளப்பிவிட இங்கிலாந்தில் வளர்த்த நாய் இனம் காக்கர் ஸ்பேனியல். மூக்கு எப்போதும் தரையில், வால் ஓயவே ஓயாது. குனிந்தால் காது நேராகத் தட்டுக்குள் விழும். நுனிமுடி நனைந்து, சோறு ஒட்டி, சிக்கு விழும். காற்றுப் புகாத அந்தக் காது மடலுக்குள் ஈரமும் சேர்ந்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகிப் புளித்த வாடை அடிக்கும்.

அடி அகன்று வாய் குறுகிய இந்த எவர்சில்வர் கிண்ணத்துக்குள் முகம் மட்டும் போகிறது. காதுகள் சரிவான பக்கங்களில் வெளியே தொங்குகின்றன. தண்ணீரை விளிம்புக்கு இரண்டு விரல் குறைத்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் தளும்பிக் காது நனையும்.

குறை, அடியிலுள்ள ரப்பர் வளையம். கழுவிய தண்ணீர் அதற்குள் தங்கி வழவழப்பாகிவிடும். வாரம் ஒருமுறை கழற்றிக் காயவைக்க வேண்டும். பிளாஸ்டிக் ரகம் வேண்டவே வேண்டாம், கீறலில் பிசுக்கு ஏறும்.

அள்ளி விழுங்கும் அவசரத்தை இது குறைக்காது. காக்கருக்கு எடை சட்டென்று ஏறும். அளந்து, இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். காதைத் தினமும் சீப்பால் வாருவதும், குளித்ததும் உள்மடலைத் துடைப்பதும் கிண்ணம் வாங்கினாலும் தொடரும். பட்ஸ் மட்டும் உள்ளே விடாதீர்கள், அழுக்கு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.