மேசை விளக்குக்கு வாங்கிய ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ எல்இடி பல்பு: நாலு மாதம் எரியவிட்ட பிறகு

‘ஃபிளிக்கர் ஃப்ரீ’, அதாவது ஒளி துடிக்காதது என்று அட்டையில் போட்டிருக்கும் இந்த பல்பை நான் தேடி வாங்கியதே இதற்கு முன்னால் இருந்த பல்பு கொடுத்த தலைவலியால்தான். பழைய குண்டு பல்பு போனதும் கையில் கிடைத்த ஒரு எல்இடியை மேசை விளக்கில் மாட்டினோம். ஒரு வாரம்தான், மகள் படிக்க உட்கார்ந்த அரைமணி நேரத்திலேயே நெற்றிப்பொட்டை அழுத்திக்கொள்ள ஆரம்பித்தாள், எனக்கு ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உண்டு, சொல்லவே வேண்டாம். எல்லாம் மின்காந்தப் புலம்தான் காரணம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. நானும் பயந்துபோய் காந்தப்புலம் அளக்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

பல்பின் கழுத்தில் ஒட்டிவைத்தால் எண் கொஞ்சம் ஏறியது. ஒரு முழம் விலக்கியதும் விளக்கை அணைத்தபோது இருந்த அளவுக்கே இறங்கிவிட்டது. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான வரம்பாக ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் சொன்னது 200 மைக்ரோடெஸ்லா, நான் பார்த்தது அதன் பக்கத்திலேயே வராது. சரி, இது இல்லை.

அப்புறம்தான் பென்சிலை எடுத்தேன். அதன் நுனியைப் பிடித்து விளக்கடியில் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள், ஒளி சீராக இருந்தால் ஒரே கலங்கலாகத் தெரியும். எங்கள் எல்இடியில் ஏழெட்டுப் பென்சில்கள் விசிறி மடிப்பு மாதிரி தனித்தனியாக நின்றன. செல்போன் கேமராவைக் காட்டினால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. மகளே ஆட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எப்படிம்மா படிக்கிறது?” என்றாள்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒளி நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். குண்டு பல்பின் இழை அதற்குள் ஆறிவிடாது, அதனால் ஒளி பெரிதாக விழாது. எல்இடிக்கு அந்தத் தாமதமே கிடையாது, உள்ளே எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் சர்க்யூட்டில், மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெப்பாசிட்டரைப் போதுமான அளவு வைக்காமல் மிச்சம் பிடித்திருந்தால் மின்சாரம் இறங்கும்போது வெளிச்சமும் கூடவே விழுந்துவிடும். கண்ணுக்கு இது தெரியாது, ஆனாலும் சிலருக்குத் தலை வலிக்கும். டியூப்லைட் காலத்திலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள்: 1989இல் வெளியான ஓர் ஆய்வில், அலுவலகத்தில் பழைய சோக்கை மாற்றி அதிக அதிர்வெண்ணில் ஓடும் எலக்ட்ரானிக் சோக் போட்டபோது தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே குறைந்தன. ஐஇஇஇ என்ற மின் பொறியாளர்கள் அமைப்பின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 100 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு.

இனி புதிய பல்பு. கையில் எடுத்தாலே பழையதைவிட கனம். பென்சில் கலங்கலாகத்தான் தெரிகிறது, கேமராவிலும் பட்டை இல்லை. நாலு மாதமாக மகளின் கை நெற்றிக்குப் போகவில்லை, எனக்கும் மாலைத் தலைவலி நன்றாகவே குறைந்திருக்கிறது. வெளிச்சமும் மஞ்சள் சாயலோடு இதமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. அட்டையில் ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ என்று பெரிதாகப் போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று எங்கேயும் போடவில்லை, இது எனக்குப் பிடிக்கவே இல்லை. வெறும் வார்த்தையை நம்பி எப்படி வாங்குவது? எண் அச்சிட்டிருக்கும் பல்பு கிடைத்தால் அதையே எடுங்கள். கழுத்துப் பகுதி நன்றாகச் சூடாகிறது, சூட்டில் கெப்பாசிட்டர் காயக் காயத் துடிப்பு திரும்ப வரும் என்பதால் மாதம் ஒருமுறை பென்சிலை ஆட்டிப் பார்க்கிறேன்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சில் மட்டும் போடாதீர்கள். படுக்கையறையில் மாட்டி வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன், அந்த ஏழெட்டுப் பென்சில்களும் அப்படியே திரும்பி வந்தன.