கடை ரவுட்டரா, நாமே கட்டிய ரவுட்டரா?

எங்கள் பழைய ரவுட்டரில் வெளியே தெரிகிற குறை எதுவும் இல்லை. ஒருநாள் வேறு எதற்கோ அதன் செட்டிங்ஸைத் திறந்தபோதுதான் ஃபர்ம்வேர், அதாவது அதன் உள் மென்பொருளின் தேதி கண்ணில் பட்டது: 2019. அதன்பிறகு அந்த மாடலுக்கு அப்டேட்டே வரவில்லை. புதிதாக ஒன்று வாங்குவதா, நானே கட்டுவதா என்று யோசித்துக் கடைசியில் கட்டினேன். ஒன்றரை வருடமாக அதுதான் ஓடுகிறது.

விலையிலும் வசதியிலும் கடை ரவுட்டர்தான் முந்தும். பெட்டியைப் பிரித்த பத்து நிமிடத்தில் வைஃபை வந்துவிடும். வேகத்திலும் சாதாரண வீட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: அப்டேட் எத்தனை வருடம் வரும்? வீட்டில் இணையத்தை நேராகப் பார்த்து நிற்கும் கருவி ரவுட்டர்தான். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்று எஃப்பிஐ சொன்னது. அணைத்தால் அந்த மால்வேரின் மேல் அடுக்குகள்தான் அழியும், அடித்தளம் உள்ளேயே தங்கிவிடும். 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அறிவித்த கேவி பாட்நெட்டில் (திருட்டுத்தனமாகக் கைப்பற்றிய கருவிகளின் வலை) சிக்கியவையும் பெரும்பாலும் நிறுவனங்கள் கைவிட்ட பழைய மாடல்கள்தான். கருவி கெடுவதற்கு முன்பே அதன் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. நமக்கோ அது தெரிவதே இல்லை.

என்னுடையது இன்டெல் என்100 சிப்பும் நான்கு லேன் போர்ட்டும் உள்ள மினி பிசி. அதில் பிசியை ரவுட்டராக்கும் ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறேன். ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய பதிப்பு வரும், நடுவில் சின்னச் சின்ன அப்டேட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு நிறுவனம் மாடலை மறந்துவிட்டது என்பதற்காக இது நின்றுபோகாது. செட்டிங்ஸ் முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கிறது. பெட்டி கெட்டுப்போனால் இரண்டு லேன் போர்ட் உள்ள வேறு பிசியில் அதை ஏற்றி, போர்ட்டுகளை மட்டும் மறுபடி பொருத்தினால் போதும்.

வைஃபையில் மட்டும் ஓபிஎன்சென்ஸ் பலவீனம். அதற்கு ஓபன்வர்ட் என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏற்றிய ஒரு ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட்டாகத் தனியே வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் ரவுட்டரிலேயே ஓபன்வர்ட் போடுவதும் நல்ல நடுவழி. ஆனால் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழைய மாடல்களில் இப்போதைய பதிப்புகள் ஏறாது.

அப்டேட் கொடுக்க வேண்டியது நான்தான். மாதம் ஒருமுறை, வீட்டில் எல்லாரும் தூங்கியபிறகு செய்கிறேன். இந்த மினி பிசி ஐந்து வருடம் தாங்குமா என்பதை ஒன்றரை வருட அனுபவத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

அம்மா வீட்டுக்குக் கடை ரவுட்டரைத்தான் வாங்கினேன். அங்கே அப்டேட் கொடுக்க ஆள் இல்லை. எந்த வருடம் வரை அப்டேட் தருவோம் என்று நிறுவனமே எழுதியிருக்கும் மாடலாகத் தேடி எடுத்து, தானியங்கி அப்டேட்டைப் போட்டு, யூபிஎன்பி (கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி), டபிள்யூபிஎஸ் (பட்டன் அல்லது பின் எண் மூலம் வைஃபையில் சேரும் வசதி) இரண்டையும் நிறுத்திவிட்டு வந்தேன். அந்த வருடத்தைப் பெட்டியின் அடியில் மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.