ரீல் தூண்டிலும் மூங்கில் கம்பும்: கண்மாய்க் கரையில் ஐந்து மார்கழி

2020 கார்த்திகையில், ஊரடங்கு தளர்ந்திருந்த நேரம், மதுரையில் ஒரு கடையில் 1,850 ரூபாய்க்கு இந்த ரீல் தூண்டிலை வாங்கினேன். விரித்தால் ஏழடி, மடித்தால் ஒன்றரை அடி, 3000 அளவு ரீல். பைக்கில் கட்டிக்கொண்டு போக வசதி என்பதுதான் வாங்கிய முதல் காரணம். அப்புறம் ஐந்து மார்கழி போய்விட்டது. மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்ததிலிருந்து மாசி வரை மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு கரையில் நின்றிருப்பேன்.

முதல் வருடம் முழுக்க வீசுவதில்தான் ஆர்வம். ஈயத்தைக் கட்டி வீசினால் நாற்பது மீட்டர் தாண்டிப் போய் விழும். விழுகிற சத்தமே ஒரு சந்தோஷம். மீன்தான் வராது. பத்தடி தள்ளி மடைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மூங்கில் கம்பில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, மண்புழு கோத்து, ஜிலேபி மீனாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, மீனு என்ன நடுக் கம்மாய்லயா கெடக்கு? ஒங்க காலடியிலதான கெடக்கு" என்றார். அன்றைக்கு அவருக்கு நாற்பது மீனுக்கு மேல். எனக்கு இரண்டு, அதில் ஒன்று விரலளவு.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது போகப் போகத்தான் புரிந்தது. மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடக்கும், மீன் பரந்து கிடக்கும். ஆனால் இரை கரையோரப் புல்லிலும், தண்ணீர் வந்து சேருகிற வரத்துக்காலிலும், நிறைந்த தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு வழிகிற இடத்திலும்தான் இருக்கிறது. கலுங்கில் தண்ணீர் விழும்போது மீன் எதிர்த்து ஏறப் பார்க்கும். அந்தச் சுழிப்புக்குக் கொஞ்சம் கீழே போட்டால் தக்கை நிற்க விடாது. இதற்கெல்லாம் எட்டடிக் கம்பே தாராளம்.

நேரமும் அப்படித்தான். இருட்டோடு எழுந்து, பனியில் காதுக்குத் துண்டு கட்டிக்கொண்டு ஆறு மணிக்கே போய் உட்காருவேன். தக்கை அசையாது. ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன், குளிர் அதற்கு ஆகாது. தண்ணீர் குளிர்ந்தால் மந்தமாகிவிடும். வெயில் ஏறி, முழங்கால் ஆழத் தண்ணீர் இளஞ்சூடாகும் ஒன்பது மணிக்கு மேல்தான் கடிக்கத் தொடங்கும். இப்போதெல்லாம் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அப்படியானால் 1,850 ரூபாய் தண்டமா? விரால் பிடிக்க மட்டும் அது தண்டம் இல்லை. விரால் காற்றைக் குடிக்கிற மீன், அவ்வப்போது மேலே வந்து ஒரு மடக்கு வாங்கிவிட்டுப் போகும். அந்தக் குமிழியைப் பார்த்து வைத்துக்கொண்டு, தாமரை இலைக்கு நடுவே ரப்பர் தவளையை வீசி இழுக்க வேண்டும். மூங்கில் கம்பால் ஆகாத காரியம் அது. ஆனால் கடையில் ரீலில் சுற்றிக் கொடுத்த சாதாரண நரம்பு (தூண்டில் கயிறு), முதல் விராலிலேயே தாமரைத் தண்டில் உரசி அறுந்தது. மறுவாரம் 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (இழைகளைப் பின்னிய) நரம்பு சுற்றினேன், பிறகு அந்தப் பிரச்சினை இல்லை. விரால் அடித்தவுடன் இழுக்காதீர்கள், ஒன்று இரண்டு எண்ணுகிற நேரம் விடுங்கள். நான் இழுத்த அவசரத்தில் தவளை மட்டும் முகத்துக்கு நேரே பறந்து வந்தது ஏழெட்டுத் தடவை இருக்கும். மேல்மட்டத்தில் செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவேன். கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

பொருள் எப்படித் தாங்கியது என்றால், கம்பு பரவாயில்லை. கணுக்களில் மணல் புகுந்து இரண்டு முறை இறுகிக்கொண்டது, ஈரத்துணியால் துடைத்து மெல்லத் திருகியதில் விட்டது. நுனி வளையம் 2022இல் கழன்றது, பசை வைத்து ஒட்டினேன். ரீல்தான் சொதப்பல். மூன்றாம் வருடம், நரம்பைத் தடுக்கிற வளைவுக் கம்பியின் ஸ்பிரிங் துருப்பிடித்து, வீசும்போது தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தது. இருநூறு ரூபாய்த் தவளை பாதி வழியில் அறுந்து கண்மாய்க்குள் போனது. வாங்கிய கடையில் கேட்டால், உதிரிப் பாகம் வராது, புது ரீல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் ஏதோ ஒரு ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார், இன்றும் ஓடுகிறது. நானும் ஒரு தப்பு செய்தேன்: சித்திரை முழுக்க மொட்டை மாடியில் வெயிலில் போட்டு வைத்ததில் ரீலில் மிச்சம் இருந்த சாதாரண நரம்பு நூல் மாதிரி அறுந்தது.

தேளி மீன் சிக்கினால் கையால் கழற்றாதீர்கள். பக்க முள் குத்தினால் உச்சந்தலை வரை கடுக்கும். எனக்குப் பெருவிரலில் குத்தியது. டீக்கடையில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வாங்கிக் கையை அமிழ்த்திய பிறகுதான் மூச்சு வந்தது. இப்போது பையில் கொறடு இல்லாமல் போவதில்லை.

கண்மாய் மீன் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கட்லா, ரோகு அவர் காசு போட்டு விட்ட குஞ்சு. அது சிக்கினால் திருப்பி விட்டுவிடுவேன் என்று சொன்னால், ஜிலேபிக்கு யாரும் தடை சொன்னதில்லை.

இதில் வேடிக்கை, மீன் நன்றாகக் கிடைக்கிற மார்கழி, தையில் எங்கள் வீட்டில் பழனிக்கு மாலை போட்டிருப்பார்கள். மீன் வாசலைத் தாண்ட முடியாது. பிடித்ததெல்லாம் கரையிலேயே கைமாறிவிடும், பெரும்பாலும் அந்த மூங்கில் கம்புப் பெரியவரின் பைக்குள்.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால், முதல் வருடம் நூறு ரூபாய்க்குள் மூங்கில் கம்பு, தக்கை, சின்ன முள், மண்புழு போதும் என்பேன். விராலின் குமிழியைக் கண்ணால் பிடிக்கப் பழகிய பிறகு ரீல் வாங்கலாம். அப்போதும் கம்புச் செலவில் மிச்சம் பிடித்து, அந்தக் காசை ரீலில் போடுங்கள். என் பைக்கில் இப்போது இரண்டும் போகின்றன. மூங்கில் கம்பு மட்டும் மடங்காது, டவுன் பஸ் பக்கத்தில் வந்தால் கொஞ்சம் பயமாக இருக்கும்.