கேஎல் – பேங்காக் "ஒரே டிக்கெட்" ரயில் பயணமா? காசு கட்டுமுன் படியுங்கள்

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து பேங்காக்குக்கு ரயிலில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். "கேஎல் சென்ட்ரலில் ஏறி பேங்காக்கில் இறங்கலாம், ஒரே டிக்கெட், தென் தாய்லாந்தின் ஹாட்யாயில் ஓர் இரவு தங்கல் உட்பட" என்று வாட்ஸ்அப்பில் ஒரு முகவர் விற்கிறார். நாங்கள் போனபோது அப்படி ஒரு டிக்கெட்டே கிடையாது. இடிஎஸ் எனப்படும் மலேசியாவின் வழக்கமான மின்சார ரயில், எல்லையில் உள்ள பாடாங் பெசாரோடு நின்றுவிடும். பட்டர்வொர்த்திலிருந்து நேராகப் போன பழைய பேங்காக் ரயிலும் 2016 இறுதியோடு நின்றது. விடுமுறைக் காலத்தில் விடும் மைசவஸ்டி சிறப்பு ரயில் எல்லை தாண்டிப் போகும், ஆனால் பேங்காக் வரை இல்லை. முகவர் தருவது இரண்டு ரயில்வேக்களின் தனித்தனி டிக்கெட்டுகளை ஒரே உறையில் போட்டதுதான். ஒன்று தவறினால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. அதனால் கீழ்ப் படுக்கைதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, அதற்கென்று கூடுதலாகவும் கட்டினோம். "கவலையே வேணாம்ணே, எல்லாம் கீழதான்" என்றார். கையில் வந்தது எல்லாமே மேல் படுக்கை. தாய்லாந்து ரயிலில் மேல் படுக்கை குறுகலானது, ஜன்னல் கிடையாது, விலையும் குறைவு. டிக்கெட்டில் அது அச்சிட்டே இருக்கும். ஆனால் டிக்கெட்டின் படத்தை அவர் கடைசி நாள் வரை அனுப்பவே இல்லை. புண்ணியத்துக்கு ஒரு தாய்லாந்துப் பெண்மணி, அம்மா ஏணியைப் பார்த்து நின்றதைக் கண்டு, தன் கீழ்ப் படுக்கையைக் கொடுத்தார்.

அப்புறம் அந்த மின்னியல் வருகை அட்டை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும், ரயிலில் வந்தாலும், இதை நிரப்ப வேண்டும். தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் இது முற்றிலும் இலவசம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கடப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சில நிமிட வேலை. எங்களிடம் "விசா பதிவுக் கட்டணம்" என்று தலைக்கு அறுபது வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். மலேசியருக்கு என்ன விசா, சொல்லுங்கள்!

ஹாட்யாய் ஹோட்டலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. "ஸ்டேஷன் எதிரே" என்றார், டுக்டுக் பிடித்துத்தான் போனோம்.

பெரிய அடி திரும்பும்போது. முதலில், அவர் கொடுத்த பயணத் தாளில் பேங்காக்கில் ஏறும் இடம் பழைய ஹுவாலம்போங் நிலையம் என்று இருந்தது. தெற்கே போகும் தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரியிலேயே குருங் தேப் அபிவாட் நிலையத்துக்கு மாறிவிட்டன. தங்கியிருந்த விடுதிப் பெண் தாளைப் பார்த்துச் சொன்னதால் பிழைத்தோம். எந்தக் காலத்துத் தாளோ, அதையே எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுக்கிறார் போல.

அடுத்தது நேரக் கணக்கு. பேங்காக்கில் பிற்பகல் ஏறினால் மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் பாடாங் பெசார். தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஒன்பது மணியை ஒட்டிப் புறப்படும் இடிஎஸ். பார்த்தால் தாராளமாக ஒரு மணி நேரம் இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த எட்டு மணி தாய்லாந்து நேரம். மலேசியாவில் அப்போதே ஒன்பது. இரு நாட்டுக் குடிநுழைவும் அந்த ஒரே நிலையத்தில்தான், அதற்கான வரிசை வேறு. ரயில் சரியான நேரத்துக்கு வந்தாலும் பிடிக்கவே முடியாத இணைப்பை நம்மிடம் விற்றிருக்கிறார்.

அழைத்தால், "ரயில் லேட்டானா நான் என்னண்ணே பண்றது?" ரயில் லேட்டே இல்லை என்றதும் எண்ணைத் தடை செய்துவிட்டார். விடுமுறை என்பதால் அடுத்தடுத்த இடிஎஸ் எல்லாம் நிறைந்திருந்தது. கொமுட்டர் என்ற உள்ளூர் ரயிலில் பட்டர்வொர்த் போய், அங்கே கிடைத்த அறையில் இரவைக் கழித்து, காலையில் பக்கத்திலேயே இருக்கும் பினாங்கு சென்ட்ரலில் பேருந்து பிடித்து வீடு வந்தோம். எல்லாம் கைக்காசு.

யாரிடம் வாங்கினாலும், முழுப் பணம் கட்டுமுன் ஒவ்வொரு டிக்கெட்டின் படத்தையும் கேளுங்கள். பெயர், படுக்கை, நிலையம் மூன்றையும் பாருங்கள். மலேசியா, தாய்லாந்து ரயில்வே இரண்டுமே இணையத்தில் நேரடியாக விற்கின்றன.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால், பணம் கட்டிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருந்து நீங்களும் மனு போடுங்கள்.