க்ரூஸ் புக் பண்ணதுக்கு அப்புறம் பேக்கேஜ் மாறினா ரீபுக் பண்ணலாமா? என் அனுபவம்

பல வருஷமா க்ரூஸ் போயிட்டிருக்கேன், பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே புக் பண்ணிடுற ஆளு. அப்படி சீக்கிரம் புக் பண்றவங்களுக்கு இந்த தலைவலி வந்தே தீரும். நாம டெபாசிட் கட்டிட்டு நிம்மதியா இருப்போம், கொஞ்ச மாசத்துல அதே கப்பலுக்கு புது பேர்ல ஒரு பேக்கேஜ், அதாவது டிக்கெட்டோட சேர்த்து தர்ற சலுகைகள் பத்தி மெயில் வரும், இப்ப புக் பண்றவங்களுக்கு வைஃபை கூட, வழக்கமா தனி காசு கட்டி சாப்பிடற ஸ்பெஷாலிட்டி டின்னர் கூடன்னு, நமக்கு மட்டும் பழைய பேக்கேஜ். வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனா மெயில பாத்த வேகத்துல கேன்சல் பட்டன அமுக்கிடாதீங்க. ரீபுக் பண்ணா கம்பெனி கணக்குல அது புது புக்கிங், இன்னிக்கு என்ன விலையோ அது, இன்னிக்கு என்ன ரூல்ஸோ அது. பேக்கேஜ மட்டும் தனியா கழட்டி மாட்ட பெரும்பாலும் விடமாட்டாங்க.

முதல்ல பாக்க வேண்டியது, மாற்றம் புக் பண்ண தேதிய வச்சா இல்ல கப்பல் கிளம்புற தேதிய வச்சாங்கிறது. பாதி பேர் இத பாக்கறதே இல்ல. நார்வேஜியன் க்ரூஸ் லைன் கம்பெனியோட தனித்தீவு கிரேட் ஸ்டிரப் கே இருக்கில்லையா, 2026 மார்ச் 1லேர்ந்து கப்பல்ல வாங்குன அன்லிமிடெட் டிரிங்க் பேக்கேஜ் அந்த தீவுல செல்லாதுன்னு அறிவிச்சாங்க. இது பயண தேதிய வச்சு வர்ற மாற்றம், அதுக்கப்புறம் போற ட்ரிப்ப நீங்க எத்தன தடவ ரீபுக் பண்ணாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதே கம்பெனி 'ஃப்ரீ அட் சீ'ங்கிற பேக்கேஜ எடுத்துட்டு 2025 ஜனவரிலேர்ந்து போற ட்ரிப்புக்கெல்லாம் 'மோர் அட் சீ'ன்னு கொண்டு வந்தாங்க, அந்த வருஷமே திரும்ப பழைய பேருக்கே போயிட்டாங்க! அதனால பேர் மாறிடுச்சுன்னு பதறாதீங்க, உள்ள என்ன மாறியிருக்குன்னு வரி வரியா படிங்க.

அடுத்தது இன்வாய்ஸ். டிரிங்க் பேக்கேஜ் 'ஃப்ரீ'ன்னு போட்டிருப்பாங்க, ஆனா கீழ தனி வரில சர்வீஸ் சார்ஜ் இருக்கும், பேக்கேஜோட முழு விலைல 18 இல்ல 20 சதவீதம், ஆளுக்கு, ஒவ்வொரு நாளைக்கும். அந்த முழு விலைய ஏத்துனா இந்த வரியும் சத்தமில்லாம ஏறும். அதனால நான் பெர்க்ஸ், அதாவது கூட வர்ற சலுகைங்க, அந்த லிஸ்ட்ட ஒப்பிடறதையே விட்டுட்டேன், ரெண்டு இன்வாய்ஸ்லயும் கடைசி வரில இருக்கிற மொத்தத்த மட்டும்தான் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்பேன். ஒரு தடவ புது பேக்கேஜ்ல வைஃபை நல்லா இருந்துச்சு, ஆனா கேபின் கட்டணமே அதுக்குள்ள ஏறிப்போச்சு, கணக்கு போட்டா வைஃபைய தனியா காசு குடுத்து வாங்கறதே சீப். மாத்தல. இன்னொரு தடவ கட்டணமும் இறங்கி பெர்க்ஸும் கூடுச்சு, டெபாசிட்டும் ரீஃபண்டபிள் (கேன்சல் பண்ணா திரும்ப வரும்), மாத்தினேன், ஆனா பழைய ஆஃபர்ல வந்த ஆன்போர்டு கிரெடிட், அதாவது கப்பல்ல செலவு பண்ண அவங்க குடுக்கிற தொகை, போயிடுச்சு. அத கழிச்சும் லாபம்தான்.

டெபாசிட் நான்-ரீஃபண்டபிளா இருந்தா கணக்கே வேற. ராயல் கரீபியன் மாதிரி கம்பெனிங்க கப்பலையோ தேதியையோ மாத்துனா ஆளுக்கு 100 டாலர் சேஞ்ச் ஃபீ வாங்கறாங்க, கேன்சலே பண்ணா டெபாசிட் காசா திரும்ப வராது. ஒரு டின்னருக்காக இத கட்டுறதுல என்ன அர்த்தம் இருக்கு சொல்லுங்க.

போன்ல பேசும்போது "கேன்சல் பண்ணி திரும்ப புக் பண்ணுங்க"ன்னு நீங்களா சொல்லாதீங்க, "இதே புக்கிங் நம்பர், இதே கேபின், இன்னிக்கு விலைக்கும் ஆஃபருக்கும் மாத்தி ரீப்ரைஸ் பண்ண முடியுமா"ன்னு கேளுங்க. கேன்சல் பண்ண நிமிஷமே அந்த கேபின் பொது விற்பனைக்கு போயிடலாம். நல்ல கேபின் தேடி எடுத்தவங்களுக்குத்தான் அதோட அரும தெரியும், நீச்சல் குளத்துக்கு நேர் கீழ கேபின் கிடைச்சா விடியறதுக்கு முன்னாடியே தலைக்கு மேல டெக் சேர் இழுக்கிற சத்தம்தான் அலாரம். புக்கிங் நம்பர் மாறினா இன்னொரு தொல்லையும் இருக்கு, முன்கூட்டியே தள்ளுபடில வாங்கி வச்ச எக்ஸ்கர்ஷன் (கப்பல் நிக்கிற ஊர்ல சுத்தி பாக்கற டூர்), டின்னர் ரிசர்வேஷன் எல்லாம் பழைய நம்பரோடவே போயிடும். காசு திரும்ப வரும், ஆனா அதே விலைக்கு திரும்ப கிடைக்குமான்னு சொல்ல முடியாது. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தா அவங்களுக்கும் புது விவரத்த சொல்லிடுங்க.

ஏஜென்ட் வழியா புக் பண்ணியிருந்தா கம்பெனிக்கு நேரா போன் போட்டு பிரயோஜனம் இல்ல, ஏஜென்ட்கிட்டயே கேளுங்கன்னுதான் திருப்பி விடுவாங்க. புது கொட்டேஷன எழுத்துல வாங்காம பழச விடவே விடாதீங்க, வாய்ப்பேச்சுல சொன்ன பெர்க்ஸ் கன்ஃபர்மேஷன்ல இல்லாம போறத நான் பாத்திருக்கேன்.

இதெல்லாம் ஃபைனல் பேமெண்ட் தேதி, அதாவது மீதி காச முழுசா கட்ட வேண்டிய தேதி வரைக்கும்தான். கம்பெனியையும் ட்ரிப் நீளத்தையும் பொறுத்து பெரும்பாலும் கிளம்பறதுக்கு 75லேர்ந்து 120 நாள் முன்னாடி வரும். அது தாண்டிட்டா கேன்சலுக்கு அபராதம், ரீபுக் பேச்சே எடுக்க முடியாது. அப்பவும் விலை இறங்கியிருந்தா ஒரு போன் போட்டு கேட்டு பாக்கலாம், சில சமயம் ஆன்போர்டு கிரெடிட்டோ கேபின் அப்கிரேடோ குடுப்பாங்க. அது அவங்க இஷ்டம்தான், சண்ட போட்டு வாங்கற விஷயம் இல்ல.